25 மீட்டர் போட்டிக்கு எஃகுச் சட்டகப் பிஸ்டல்: வாங்கும் முன் எதை வைத்து எடை போடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக பாயிண்ட் 22 ஸ்டாண்டர்ட் பிஸ்டலில் சுட்டு வருகிறேன். அடுத்த பருவத்தில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (பாயிண்ட் 22-ஐ விடப் பெரிய காலிபர்) போட்டியிலும் இறங்கலாம் என்று நினைக்கிறேன். இந்த நிலையில், எங்கள் சுடுதளத்தில் மூத்த வீரர் ஒருவர் தம்முடைய 9 மி.மீ. எஃகுச் சட்டகப் (பிடியும் அடிப்பகுதியும் எஃகாலான) பிஸ்டலை விற்க முன்வந்திருக்கிறார். முடிவெடுக்கும் முன் நன்றாகச் சோதித்துப் பார்க்கட்டும் என்று, சுடுதளப் பொறுப்பாளர் முன்னிலையில் இரண்டு வாரம் பயன்படுத்திக்கொள்ளவும் இசைந்திருக்கிறார். தயாரிப்பாளரின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. நெடுநாளாகப் புழங்கிவரும் ஒரு வடிவத்தைப் பின்பற்றியது என்பது போதும்.

நானே அளந்த விவரங்கள் இவை. காலி மேகசினோடு (தோட்டா நிரப்பும் உறை) எடை 1,180 கிராம். குறிபார்க்கும் உறுப்புகளான முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 180 மி.மீ.; பின் சைட்டைத் திருகித் திருத்திக்கொள்ள முடியும். ஹேமரை (சுத்தியலை)ப் பின்னுக்கு இழுத்து வைத்த நிலையில் விசை (டிரிகர்) சுமார் 1,650 கிராமில் விடுபடுகிறது. மணல்மூட்டையில் கைகளைத் தாங்கவைத்து 25 மீட்டரில் ஐந்து குண்டுகள் வீதம் நான்கு குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் தொகுதி) சுட்டதில் அவற்றின் அளவு 55, 72, 64, 90 மி.மீ. வந்தன. ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் நான்கு குண்டுகள் கூடி அமர, ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. ஒற்றைக் கையில் 60 குண்டுகள் சுட்டபோது முதல் இருபதில் 181, அடுத்த இருபதில் 176, கடைசி இருபதில் 165 என்று மொத்தம் 522 புள்ளிகள் கிடைத்தன. பாயிண்ட் 22-இல் இதே இலக்கு அட்டையில் 540-க்குக் குறையாமல் எடுப்பவன் நான்.

எஃகுச் சட்டகம் என்றாலே துல்லியம் என்று சுடுதளத்தில் பலரும் சொல்கிறார்கள். அப்படியானால் குறை என்னிடமா, பிஸ்டலிலா? இந்த இரண்டு வாரத்துக்குள் அதை எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1

வணக்கம். கேள்வியை இவ்வளவு எண்களோடு கேட்பவர்கள் அரிது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "எஃகு என்றாலே துல்லியம்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். குண்டு வெளியேறும் குழல், சட்டகத்தின் மேல் முன்பின்னாக ஓடும் ஸ்லைடுக்குள் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் இரண்டு சைட்டுகளும் ஸ்லைடின் மேல் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு முறை ஸ்லைடு மூடும்போதும் குழல் அதே இடத்தில் வந்து பூட்டிக்கொள்கிறதா என்பதுதான் இயந்திரத் துல்லியத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. சட்டகம் எஃகாக இருந்தாலும் அலுமினியமாக இருந்தாலும் பாலிமராக இருந்தாலும், இந்த உறவில் அதற்கு நேரடிப் பங்கு குறைவு. எஃகில் ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களை நெருக்கமாகவும் நீளமாகவும் கடைந்தெடுக்கலாம், அவை நெடுநாள் தேயாமல் நிற்கும் என்பது உண்மை. 1949-இல் ஸ்விட்சர்லாந்து ராணுவம் ஏற்றுக்கொண்ட சிக் பி210-இலும், பின்னர் வந்த செக் நாட்டு சிஇசட் 75-இலும் ஸ்லைடு சட்டகத்தின் உட்புறத் தண்டவாளங்களில் ஓடும்; பி210-க்குத் துல்லியத்தில் கிடைத்த பெயருக்கு அந்த வேலைப்பாடும் ஒரு காரணம். ஆனால் பெயர் வாங்கித் தந்தது வேலைப்பாடு. உலோகம் அதற்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் எஃகு உண்மையில் தருவது என்ன? எடை. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 7.85 கிராம், அலுமினியக் கலவைக்கு 2.8. அந்த எடை உங்களுக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நீங்கள் இறங்கப்போகும் போட்டியை வைத்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலான பரிந்துரைகள் வழிதவறுவதும் இந்த இடத்தில்தான்.

பின்னுதைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெடிமருந்து வாயுவை விட்டுவிட்டு, 8 கிராம் குண்டு வினாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் போவதை மட்டும் எடுத்துக்கொண்டால், 1.2 கிலோ பிஸ்டல் வினாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் பின்னுக்கு வரும். 750 கிராம் பாலிமர் பிஸ்டல் 3.4 மீட்டர் வேகத்தில் வரும். கை தாங்கவேண்டிய ஆற்றல் முன்னதில் 2.7 ஜூல், பின்னதில் 4.4 ஜூல். ஐ.பி.எஸ்.சி. போன்ற இரு கை வேகப் போட்டிகளில் இந்த வேறுபாடு தங்கத்துக்குச் சமம். ஒரே இலக்கில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகளைப் போடுபவருக்கு, முன் சைட் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதே ஆட்டம். சிஇசட் ஷேடோ 2 போன்றவை 1.3 கிலோவை ஒட்டிய எடையில் செய்யப்படுவது அதனால்தான்.

நீங்கள் சொல்லும் சென்டர் ஃபயர் போட்டியின் அமைப்பே வேறு. முதல் முப்பது குண்டுகள் துல்லியப் பகுதி: ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம். அடுத்த முப்பதில் இலக்கு 7 வினாடி மறைந்து 3 வினாடி தெரியும். ஒரு முறை தெரியும்போது ஒரே ஒரு குண்டுதான், சுட்டதும் கையைத் தாழ்த்திவிட வேண்டும். ஆக, இரண்டு பகுதிகளிலும் உதைப்புக்குப் பிறகு சைட் விரைந்து திரும்ப வேண்டிய தேவையே எழுவதில்லை. எஃகு உங்களுக்குத் தரும் மிகப் பெரிய பரிசைப் பயன்படுத்திக்கொள்ள இந்தப் போட்டியில் இடமில்லை. அதற்கு நீங்கள் செலுத்தும் விலையோ, நீட்டிய ஒற்றைக் கையில் 1,180 கிராமை அறுபது முறைக்கு மேல் தூக்கி நிறுத்துவது. 181, 176, 165 என்று உங்கள் புள்ளிகள் படியிறங்குவதைப் பார்த்தபோதே எனக்கு இது தோன்றியது.

இருந்தாலும் எடை முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். கனமான பொருள் சிறு அதிர்வுகளுக்கு எளிதில் அசைந்துகொடுக்காது; விசையை இழுக்கும்போது விரல் தரும் தள்ளலையும் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். தோள் தாங்குமானால் துல்லியப் பகுதியில் அது பயன்தான். ஆகவே "கனமா, இலேசா" என்று கேட்பதை விட "கனம் எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள். காலி என்று இருமுறை உறுதிசெய்தபின், விசைக்காப்பு வளையத்தின் கீழ் ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்துப் பிஸ்டல் எந்தப் புள்ளியில் சமநிலை கொள்கிறது என்று பாருங்கள். புள்ளி பிடிக்கு அருகில் இருந்தால் 1,200 கிராமும் கையில் அடங்கும். வளையத்தின் முன்விளிம்பைத் தாண்டினால் 1,000 கிராம்கூட நாற்பதாவது குண்டில் மணிக்கட்டைக் கீழே இழுக்கும். வாங்குவோர் பெரும்பாலோர் தராசில் எடை பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

விதிகளைப் பொறுத்தவரை கவலை இல்லை. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) விதிப்படி எடை 1,400 கிராமுக்கு மிகாமலும், குழல் 153 மி.மீ.க்கும் சைட் இடைவெளி 220 மி.மீ.க்கும் மிகாமலும், விசை 1,000 கிராமுக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். 300, 150, 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் முழுப் பிஸ்டலும் அடங்கவேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: அகலமான பக்கப்பிடிகளும் இரு பக்கமும் துருத்தும் பாதுகாப்பு நெம்புகோல்களும் 50 மி.மீ. அகலத்தைத் தாண்டிவிடக்கூடும். அட்டையில் ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்துப் பாருங்கள்.

பதில் 2

முதல் பதிலில் எனக்கு உடன்பாடே. குரூப் அளவுகளைப் பற்றி மட்டும் சொல்ல வருகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஐந்து குண்டுக் குரூப்பின் அளவு என்பது இரண்டு கடைக்கோடிக் குண்டுகளுக்கு இடையே உள்ள தூரம். மற்ற மூன்றும் எங்கே இருந்தாலும் அந்த எண்ணுக்குக் கவலையில்லை. அதனால் ஒரே பிஸ்டல், ஒரே தோட்டா, ஒரே கை என்றாலும் 55-உம் 90-உம் மாறி மாறி வரும். சிறந்த குரூப்பை மட்டும் படமெடுத்துப் பெருமைப்படுவது நம்மில் பலருக்கு வழக்கம். அது பிஸ்டலைப் பற்றி எதையும் சொல்லாது. சராசரியை எடுங்கள். பத்துக் குண்டுக் குரூப் சராசரியில் ஐந்து குண்டுக் குரூப்பை விட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும் என்பதால் இரண்டையும் ஒப்பிடவும் கூடாது.

உங்கள் நான்கு குரூப்பின் சராசரி 70 மி.மீ. இந்த அட்டையில் பத்து வளையத்தின் விட்டம் 50 மி.மீ.; குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், 9 மி.மீ. குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 29.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். சிதறல் எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், சராசரியாக 70 மி.மீ. குரூப் போடும் பிஸ்டல், கை நடுங்காத இயந்திரத்தில் பூட்டிச் சுட்டாலும் நூற்றுக்கு 57 முறைதான் பத்தைத் தொடும். அதே பிஸ்டல் 40 மி.மீ. போட்டால் 92 முறை தொடும். இடையிலுள்ள 30 மி.மீ. எவ்வளவு புள்ளிகளைத் தின்கிறது என்று பாருங்கள். உங்கள் கையின் நடுக்கம் இதற்கு மேல் வந்து சேர்வது.

இப்போது, விலகி நிற்கும் அந்த ஐந்தாவது குண்டுக்கு வருவோம். அது வரிசையில் எத்தனையாவதாகச் சுட்ட குண்டு? பெரும்பாலும் முதல் குண்டு என்பேன். தானியங்கிப் பிஸ்டல்களில் இது பழைய நோய். முதல் தோட்டாவை நாம் கையால் ஏற்றுகிறோம். மற்ற நான்கையும் உதைப்பின் விசையில் ஸ்லைடு தானே ஏற்றுகிறது. இரண்டு நிலையிலும் குழல் ஒரே மாதிரி பூட்டிக்கொள்ளவில்லை என்றால், முதல் குண்டு வேறு இடத்துக்குப் போகும். வேடிக்கைக்குச் சுடுபவருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் உங்கள் போட்டியில் ஐந்து ஐந்தாகவே மேகசின் ஏற்றுகிறீர்கள். அறுபதில் பன்னிரண்டு குண்டுகள் முதல் குண்டுகள்.

அடுத்த முறை ஒவ்வொரு மேகசினின் முதல் குண்டையும் தொலைநோக்கியில் பார்த்து, ஒரு தாளில் தனியாகக் குறியுங்கள். கூடவே, ஸ்லைடை எப்படி மூடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். முழுக்கப் பின்னுக்கு இழுத்துக் கையை விட்டுவிடுகிறீர்களா, அல்லது கையோடு கொண்டுபோய் மெல்ல மூடுகிறீர்களா?

ஒரு எளிய சோதனையும் உண்டு. காலிப் பிஸ்டலில் ஸ்லைடு மூடியிருக்கும்போது, தோட்டா வெளியேறும் திறப்பில் தெரியும் குழலின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி அழுத்துங்கள். குழல் அசைந்து இறங்கினால் பூட்டு தளர்வு. ஸ்லைடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் சட்டகத்தின் மேல் சிறிது ஆடுகிறதே என்று கவலைப்படுபவர்கள் அதிகம். மேலே நண்பர் சொன்ன காரணத்தால் ஸ்லைடின் ஆட்டம் குழலின் ஆட்டத்தளவு முக்கியமில்லை.

தோட்டாவையும் மறக்காதீர்கள். 115, 124, 147 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டுகளில் ஒரே தயாரிப்பில் ஒவ்வொரு பெட்டி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு குழலுக்குப் பிடித்த தோட்டா இன்னொரு குழலுக்குப் பிடிக்காது. இதற்கு முன்கூட்டியே விதி கிடையாது.

பதில் 3

பெரியவர்கள் இருவரும் பிஸ்டலைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் விசையையும் கையையும் பற்றிச் சொல்கிறேன். அதோடு முதல் பதிலில் ஒரு கருத்தோடு மாறுபடவும் வேண்டியிருக்கிறது.

உதைப்புக்குப் பிறகு கையைத் தாழ்த்திவிடுவதால் உதைப்பு குறைவது பயனற்றது என்று சொல்லப்பட்டிருக்கிறது. சைட் திரும்பி வருவதை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் உதைப்பு நமக்குச் செய்யும் பெரிய கேடு குண்டு புறப்பட்ட பின் நேர்வதல்ல, புறப்படும் முன்பே நேர்வது: வரப்போகும் அடியை எதிர்பார்த்துக் கை தானாகக் கீழே அழுத்திவிடுகிறது. பாயிண்ட் 22-இல் 2.6 கிராம் குண்டு. அதன் உந்தம் 9 மி.மீ. உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அதிலிருந்து வரும் ஒருவரை இந்த அச்சம் பிடித்துக்கொள்வது இயற்கை. உதைப்பு குறையும் ஒவ்வொரு பங்கும் அந்த அச்சத்தைக் குறைக்கும். ஆகையால் 9 மி.மீ. தான் சுடுவது என்று முடிவாகிவிட்டால், 750 கிராம் பிஸ்டலை விட 1,180 கிராம் பிஸ்டலையே நான் கையில் எடுப்பேன்.

இந்த அச்சம் உங்களிடம் இருக்கிறதா என்பதை அறிய, சுடுதளத்தில் நண்பர் ஒருவரிடம் மேகசினைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். சுடாத தோட்டாவில் ஹேமர் விழும் அந்த நொடியில் முன் சைட்டையே பாருங்கள். அது பின் சைட்டின் பள்ளத்தில் அசையாமல் நின்றால் உங்கள் கை நேர்மையானது. சட்டென்று பள்ளத்துக்குள் முங்கினால், அந்தக் குண்டு உண்மையானதாக இருந்திருந்தால் ஆறிலோ ஏழிலோ போயிருக்கும். எவ்வளவு முங்கினால் எவ்வளவு என்பதும் எளிய கணக்கு: 180 மி.மீ. சைட் இடைவெளியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகு 25 மீட்டரில் 14 மி.மீ. ஆகிவிடும். அரை மில்லிமீட்டர் முங்கினால் 70 மி.மீ. தாழ்வு.

அடுத்து விசை. 1,650 கிராம் என்று ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். எத்தனை முறை அளந்தீர்கள்? குழலை மேல்நோக்கி நிறுத்தி, எடைக்கட்டிகளைத் தொங்கவிட்டுத் தூக்கும் போட்டி முறையிலேயே பத்து முறை அளந்து எழுதுங்கள். 1,650 கிராம் என்பது ஒரு குறையல்ல. ஒரு முறை 1,500, மறுமுறை 1,800 என்று அலைந்தால்தான் குறை. விரலுக்குக் கிராம் அளவை விடச் சீர்மை முக்கியம். தளர்வான முதல் நகர்வு முடிந்து சுவர் போல ஓரிடத்தில் நிற்கவேண்டும்; அங்கிருந்து மணல் அரைபடுவது போன்ற உணர்வு இல்லாமல் விடுபடவேண்டும்; விடுபட்ட பிறகு விசை வெகுதூரம் பின்னே ஓடக்கூடாது. வேகப் போட்டியினர் கொண்டாடும் "ரீசெட்" (அடுத்த குண்டுக்காக விசை முன்னே திரும்பும்) தூரத்தை நீங்கள் பொருட்படுத்தவே வேண்டாம். விசையை இலேசாக்க ஆசைப்பட்டுத் தாமே அரத்தை எடுப்பவர்கள் உண்டு. ஹேமர் தங்காமல் ஸ்லைடோடு சேர்ந்து விழும் பிஸ்டல்கள் பல அப்படித்தான் உருவாகின்றன. அது தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரின் வேலை.

விசைக்கு விரல் எட்டும் தூரமும் இப்போதே பார்க்கவேண்டியது. ஒற்றைக் கையில், முன்கையோடு குழல் நேர்கோட்டில் நிற்கும்படி பிடித்துவிட்டு, விரல் நுனியின் சதைப்பகுதி விசையின் நடுவில் இயல்பாக அமர்கிறதா? எட்டுவதற்காகப் பிடியைத் திருப்பவேண்டியிருந்தால், எஃகோ பொன்னோ, அந்தப் பிஸ்டல் உங்களுக்கானதல்ல. இரு கைப் பிடிக்காகச் செய்த தட்டையான பக்கப்பிடிகள் ஒற்றைக் கையில் உருளும்; மரப்பிடியைக் கைக்கேற்பச் செதுக்கி மாற்றலாம், ஆனால் அந்த 50 மி.மீ. பெட்டியை நினைவில் வையுங்கள்.

சைட்டைப் பற்றி ஒரு வரி: வெள்ளைப் புள்ளிகளோ ஒளியிழையோ இருந்தால் கறுப்பு முன் சைட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். 200 மி.மீ. கறுப்பு வட்டத்துக்குக் கீழே வெள்ளையில் சைட்டை நிறுத்திச் சுடுபவராக இருந்தால் குண்டு நடுவில் விழ 100 மி.மீ.க்கு மேல் ஏறவேண்டும். அதற்குப் பின் சைட் 0.7 மி.மீ. அளவுக்காவது உயரவேண்டும். திருகில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பதில் 4

சுருக்கமாக என் கருத்து. சென்டர் ஃபயர் மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால், இந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து பாயிண்ட் 32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டர் தோட்டாவுக்கென்றே செய்த இலக்குப் பிஸ்டலுக்குப் போங்கள். 7.62 முதல் 9.65 மி.மீ. வரை எந்தக் காலிபரையும் விதி அனுமதிக்கிறது. உலகப் போட்டிகளின் வரிசையில் நின்று பார்த்தால் 9 மி.மீ. தென்படுவது அரிது. வாட்கட்டர் குண்டு சுமார் 6.4 கிராம், வேகம் வினாடிக்கு 230 மீட்டர் அளவில்; உந்தம் 9 மி.மீ.இல் பாதியைச் சற்றே தாண்டும். தட்டையான முகம் அட்டையில் வட்டமாகத் துளைபோடுவதால் புள்ளி பார்ப்பதிலும் ஐயம் எழாது. வேகப் போட்டியிலும் இறங்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே இந்த எஃகு 9 மி.மீ.க்குப் பொருளுண்டு.

பிஸ்டலை வாங்குவதாகவே முடிவானால், பக்கப்பிடிகளைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எஃகுச் சட்டகத்தில் வியர்வை இறங்கித் துரு பிடிக்கும் இடம் அதுதான். வெளியே பளபளவென்று இருந்த ஒரு பிஸ்டலின் பிடிக்கடியில் விரல் நுனி அளவுக்குக் குழி விழுந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பின் ஊசியில் விரிசலோ பள்ளமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

நால்வருக்கும் நன்றி. சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைக் கடந்த ஒன்பது நாளில் செய்து பார்த்துவிட்டேன்.

இரண்டாம் பதிலில் ஐயா கேட்ட கேள்வியைப் படித்தபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அடுத்தவர் பொருளாயிற்றே என்ற தயக்கத்தில், ஸ்லைடை ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோய்ப் பூப்போல மூடிக்கொண்டிருந்தேன். பழைய அட்டைகளில் எது முதல் குண்டு என்று குறித்து வைக்கவில்லை. ஆனால் விலகிய குண்டை நீக்கி அளந்தால் மீதி நான்கும் 38, 41, 36, 44 மி.மீ. வருகின்றன. விலகியவை நான்கும் மேலே, சற்று இடப்பக்கம். பிறகு ஸ்லைடை முழுக்க இழுத்து விட்டுவிடும் முறையில் ஐந்து குரூப் சுட்டேன்: 52, 44, 47, 58, 41. முதல் குண்டுகளைத் தனித்தாளில் குறித்ததில், அவை இன்னமும் மற்றவற்றின் நடுவிலிருந்து சராசரி 20 மி.மீ. உயரத்தில்தான் விழுகின்றன. நோய் குறைந்திருக்கிறது, நீங்கவில்லை. குழலின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் மிக மெல்லிய அசைவு ஒன்று தெரிகிறது. விற்பவரிடம் கேட்டேன், ரீகாயில் ஸ்பிரிங்கை (ஸ்லைடை முன்னே தள்ளி மூடும் சுருள்வில்லை) அவர் வாங்கிய நாள் முதல் மாற்றியதே இல்லையாம்.

போலித் தோட்டாச் சோதனைதான் மானத்தை வாங்கியது. முதல் இருபது குண்டுகளில் கலந்திருந்த நான்கு போலிகளில் ஒன்றில்கூட சைட் அசையவில்லை. எனக்கு அச்சமே இல்லை என்று நிமிர்ந்து நின்றேன். கடைசி இருபதில் கலந்திருந்த நான்கில் மூன்றில் முன் சைட் பள்ளத்துக்குள் முங்கியது, பக்கத்தில் நின்ற நண்பருக்கே தெரியும் அளவுக்கு. ஆக, கை களைத்த பிறகுதான் நான் அடியை எதிர்பார்க்கத் தொடங்குகிறேன். எடையைப் பற்றி முதல் பதிலில் சொன்னதும் மூன்றாம் பதிலில் சொன்னதும் என் ஒரே தோளில் சந்தித்துக்கொள்கின்றன போலும்.

பென்சில் சமநிலை விசைக்காப்பு வளையத்தின் நடுவிலிருந்து சிறிது முன்னே இருக்கிறது. விசையைப் பத்து முறை அளந்ததில் 1,620 முதல் 1,690 வரை. சீராகவே இருப்பதாகக் கொள்கிறேன். அட்டைப் பெட்டிக்குள் பிஸ்டல் அடங்கியது, பக்கவாட்டில் மூன்று மி.மீ. மிச்சம். பிடிக்கடியில் துரு இல்லை.

பாயிண்ட் 32 பற்றிய அறிவுரையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேகப் போட்டியிலும் இறங்கிப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு என்பதை முதலில் சொல்லத் தவறிவிட்டேன். புதிய ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்க்க விற்பவர் இசைந்திருக்கிறார். அதற்குப் பிறகும் முதல் குண்டு உயர்ந்தே விழுந்தால் விலகிக்கொள்வதா?

பதில் 2-ஐ எழுதியவர்

ஸ்பிரிங்கோடு ஸ்லைடு ஸ்டாப்பையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். சிஇசட் 75 வகை வடிவங்களில் குழலின் அடிப்பகுதி அந்த ஊசியின் மேல்தான் ஏறி அமர்கிறது. ஊசி தேய்ந்திருந்தால் குழல் முழு உயரத்துக்கு ஏறாது, நீங்கள் கட்டைவிரலில் உணரும் அசைவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டும் விலை குறைந்த உதிரிப்பாகங்கள், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியவையும்கூட. மாற்றிய பிறகு இருபது முதல் குண்டுகளையாவது குறித்துப் பாருங்கள். ஐந்தாறை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இருபதின் நடுப்புள்ளியும் மற்றவற்றின் நடுப்புள்ளியும் 10 மி.மீ.க்குள் நெருங்கினால் தயங்காமல் வாங்குங்கள். நெருங்காவிட்டால் குழலையே பொருத்தவேண்டிய வேலை. அந்தச் செலவை விலையில் கழித்துத் தர விற்பவர் ஒப்பினால் மட்டும் பேச்சைத் தொடருங்கள்.

பதில் 1-ஐ எழுதியவர்

கடைசி இருபதுக்கு வேறு மருந்து. நாள்தோறும் காலிப் பிஸ்டலை நீட்டிப் பத்து வினாடி நிறுத்தி, விசையை இழுத்து, இறக்கி, முப்பது முறை செய்யுங்கள். போலித் தோட்டா போட்டுக்கொண்டே செய்யுங்கள்; இந்த வடிவத்தின் சில பழைய பிஸ்டல்களில் வெறுமனே விசையிழுத்துக்கொண்டிருந்தால் ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் முள்ளை)த் தாங்கும் சிறு ஊசி உடைந்துவிடும். ஆறு வாரம் கழித்து அந்த 165 எவ்வளவாயிற்று என்று இங்கே எழுதுங்கள்.